கொள்ளைச் சிலந்தியின் கடைசித் தோல்

ஆகஸ்ட் 14, திங்கள்

அழைப்பிதழ் வந்துவிட்டது. தபால்காரர் இந்த மேட்டுக்கு ஏறி வருவதில்லை. எஸ்டேட் ஆபீஸில் போட்டுவிட்டுப் போனதை, எனக்குச் சமைத்துப் போடும் முத்துராக்கு அம்மா கறிவேப்பிலையோடு சேர்த்துப் பையில் எடுத்து வந்தார். உறை முழுக்கக் கறிவேப்பிலை வாசனை.

செல்வி சாருலதா. செப்டம்பர் 10, ஞாயிறு, காலை ஏழரை முதல் ஒன்பது. திண்டுக்கல். வழக்கமாகப் பெண்ணின் பெற்றோர் ஒரே வரியில் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள். இதில் திருமதி விசாலாட்சி ஒரு வரி, முனைவர் கு. சபாபதி ஒரு வரி. நடுவே ஒரு பிள்ளையார் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கோர்ட்டில் பிரிந்து பதினான்கு வருடம் ஆனவர்களை எப்படி அச்சடிப்பது என்று அச்சகத்துக்காரர் குழம்பியிருப்பார், பாவம்.

பின்பக்கம் சாருவின் கையெழுத்து: “அப்பா, தாரை வார்க்க நீங்கதான் உட்காரணும். அம்மாகிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க. போன் பண்ணுங்க.”

தாரை வார்ப்பது என்றால் பெண்ணின் கையைத் தாங்கி மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விசாலாட்சி செம்பிலிருந்து நீர் ஊற்ற வேண்டும். மொத்தமே ஐந்து நிமிட வேலை. போன் பேசக் காபி உலர்த்தும் களத்து முக்கு வரை நடந்தால்தான் சிக்னல். இன்று மழை.

பாட்டிலில் இருக்கும் சிலந்தி, ஆண்-1, நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. தோல் உரிக்கப் போவதற்கு நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

எஸ்டேட் ஆபீஸில் கொடியேற்றம். போகவில்லை. மிட்டாய் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 16, புதன்

புது நோட்டு என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாராவது படித்தால் உதவும். யார் படிக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வருடம் முன்பு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தாண்டிக்குடிக்கு மேலே இந்தக் காபி எஸ்டேட்டின் பழைய குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். வேலை, கொள்ளைச் சிலந்தி. கடற்கொள்ளைக்காரன் என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். இந்தப் பிராணி கடலைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் நான் கடலை எடுத்துவிட்டேன்.

மற்றச் சிலந்திகளைத் தின்னும் சிலந்தி இது. நான்கைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளிர்மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோலம். முன்பக்கத்து இரண்டு ஜோடிக் கால்களிலும் முள் வரிசை உண்டு. ஒரு நீள முள், அதை அடுத்துச் சின்னச் சின்ன வளைந்த முட்கள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக, பிறகு மறுபடி ஒரு நீள முள். இந்தச் சீப்பைப் பார்த்துவிட்டால் எந்தக் குடும்பம் என்று சந்தேகமே வேண்டாம். எந்த இனம் என்பதில்தான் தகராறு. அதற்கு வளர்ந்த ஆண் வேண்டும். சிலந்தியின் வாய்க்கருகே பால்ப் என்று ஒரு ஜோடிக் குட்டிக் கைகள் இருக்கும். ஆண் கடைசித் தோலை உரித்த பிறகுதான் அவற்றின் நுனி மடிப்பும் கொக்கியுமாக முழு உருக்கொள்ளும். இனத்துக்கு இனம் அது வேறு. அதைப் பார்க்காமல் பெயர் வைப்பது, முகத்தைப் பார்க்காமல் ஆளுக்கு அடையாள அட்டை கொடுப்பது மாதிரி.

என்னிடம் பெண் மூன்று இருக்கின்றன. ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு தோல் பாக்கி வைத்திருக்கும் விடலை. பால்ப் நுனி ஊறவைத்த உளுந்து போல் உப்பியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் உரிக்கும். இது யாரும் பெயர் வைக்காத இனம் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் சாருலதாவின் பெயரை வைப்பேன். கல்யாணப் பரிசு. வேறு எந்த அப்பனால் கொடுக்க முடியும்?

ஆகஸ்ட் 17, வியாழன்

முத்துராக்கு அம்மா என் இரையைக் கூட்டித் தள்ளிவிட்டார். குளியலறை மூலையில் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒட்டடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வலைச் சிலந்தி. கொள்ளைச் சிலந்திக்குக் கொசுவோ ஈயோ போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது, சிலந்திதான் வேண்டும்.

“வீடு சுத்தமா இருக்கணும்னுதான சார் என்னைய வச்சிருக்கீங்க?”

“ஒட்டடையை மட்டும் விட்டுருங்கம்மா.”

“ஒட்டடைய விட்டுட்டுப் பெறகு என்னத்தக் கூட்டுறது. ஆம்பள தனியா இருந்தா வீடு இப்படித்தான் போகும்.”

விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போனார். மாலையில் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பழைய தேன் பாட்டில் நிறைய ஒட்டடைச் சிலந்தி பிடித்து வந்து மேஜையில் வைத்தார். இருபத்திரண்டு எண்ணினேன்.

ஆகஸ்ட் 19, சனி

களத்து முக்கில் நின்று பேசினேன்.

“அழைப்பிதழ் வந்துச்சும்மா. நல்லா இருக்கு.”

“தாரைக்கு உட்காருவீங்கல்லப்பா?”

“ஒரு தோலுரிப்பு இருக்கும்மா. அது எந்தத் தேதியில வரும்னு சொல்ல முடியாது. வந்ததும் சொல்றேன்.”

களத்தைப் பெருக்குகிறவர்களின் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. பரிசு விஷயத்தை அப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“ஒரு சிலந்திக்கு உன் பேரு வைக்கப் போறேன்.”

“நெசமாவா? என்ன சிலந்திப்பா? என்ன பண்ணும் அது?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாராவது ‘என்ன பண்ணும்’ என்று கேட்டால் எனக்கு வகுப்பறை நினைப்பு வந்துவிடும். அடுத்த சிலந்தியின் வலைக்குள் நுழையும், நூலை மெதுவாகச் சுண்டும் என்றேன். பூச்சி மாட்டினது மாதிரிச் சுண்டும், சில சமயம் ஜோடி தேடி வந்த ஆண் மாதிரிச் சுண்டும். வலைக்காரி நம்பி வெளியே வருவாள். காலைப் பிடித்து ஒரே கடி.

“கல்யாணத்துக்கு இதையாப்பா குடுப்பீங்க?” என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று. அப்புறம், “அம்மா பேர்ல ஒண்ணு வச்சீங்களே, அது என்னாச்சு?” என்றாள்.

“அது செல்லாமப் போச்சும்மா. அதே சிலந்திக்கு எழுபது வருசம் முன்னாடியே ஒருத்தர் வேற பேரு வச்சிருக்காரு. முதல்ல வச்ச பேருதான் நிக்கும். எங்க சட்டம் அப்படி.”

“அம்மாகிட்ட சொன்னீங்களா?”

சிக்னல் போய்விட்டது. அந்த இடத்தில் இரண்டடி கீழே இறங்கினாலே போய்விடும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஒரு பெண்ணைக் குளிரில் மயங்கவைத்து அறுத்தேன். பட்டுச் சுரப்பி செத்த பிறகு நிமிடங்களில் குலைந்துபோகும். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கை ஆடக் கூடாது. என் கை ஆடாது. ஐம்பத்தேழு வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை.

வயிற்றின் அடியைத் திறந்து உப்புநீரில் விரித்தால், நூல் வெளிவரும் காம்புகளை நோக்கிக் கண்ணாடி மாதிரிச் சுரப்பிகள். குடுவை போன்றவை போகிற வழியெல்லாம் பின்னால் விட்டுச் செல்லும் நூலுக்கு. பேரிக்காய் போன்றவை அந்த நூலை இடத்தில் ஒட்டிவைக்க. திராட்சைக் கொத்து போலக் கூட்டமாகக் கிடப்பவை மெல்லிய நூலுக்கு. பெண்ணுக்கு மட்டும் நீளக் குழல் சுரப்பிகள், முட்டைப் பை கட்ட. வட்ட வலை பின்னும் சிலந்திகளிடம் இன்னும் ஒரு தொகுதி இருக்கும், பூச்சியைப் பிடிக்கும் பிசின் நூலுக்கானது. அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

வலைக்கான சாமான் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. படம் வரைந்து முடிக்கும்போது மதியச் சோறு ஆறிப் போயிருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நேற்றையதன் தொடர்ச்சி. இந்தக் குடும்பத்தை எங்கே சேர்ப்பது என்று ஆராய்ச்சியாளர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். வலை கட்டுவதில்லை, தாடையில் பல்லுக்குப் பதில் முளை முளையாக இருக்கிறது என்று சொல்லி, வலை பின்னாத வேறொரு கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிறகு நூல் காம்புகளை நுணுக்கமாகப் பார்த்தவர்கள், இது வலை பின்னுகிறவர்களின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று திரும்ப அழைத்துவந்தார்கள். மரபணுவும் அதையே சொல்லிற்று. வீடு கட்டுவதை விட்டுவிட்டதே தவிர வீட்டுக்காரர்களின் சாதிதான்.

மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். இன்று ஆண்-1இடம் சொன்னேன். அதற்கு இதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆய்வு விலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண்தான் என்பது என் கண்டிப்பு. பேசக் கூடாது என்று எங்கும் விதி இல்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஆண்-1 தலைகீழாகத் தொங்க ஆரம்பித்திருக்கிறது. பாட்டில் மூடிப் பஞ்சை ஈரமாக்கினேன். மழை. ஜீரக ரசம். யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

வத்தலக்குண்டு சாலையில் மரம் சாய்ந்துவிட்டது. மண்ணும் சரிந்திருக்கிறது. பஸ் கிடையாது. களத்துக்குப் போய்ச் சாருவிடம் சொன்னேன். “பத்தாம் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கேப்பா” என்றாள். மலைச் சாலையை நம்ப முடியாது என்றேன். “அப்பவும் சாலைதான் சொன்னீங்க” என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று தெரியும். அவள் பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள். பன்னிரண்டு வயது. அப்பாவின் கையால் முதல் மாலை என்று விசாலாட்சி நாள் குறித்திருந்தாள். நான் மேகமலையில் இருந்தேன். சாலை கெட்டுப்போய், இரண்டு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர முடிந்தது. மாலையை விசாலாட்சியின் அண்ணன் தனசேகர் போட்டார். அதற்கு அடுத்த வருடமே கோர்ட். நிற்கும் பஸ்ஸில் ஏறிக்கொண்டு மனிதன் எங்கே போக முடியும்?

ஆகஸ்ட் 30, புதன்

மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். பஸ் ஓடுகிறது.

செப்டம்பர் 1, வெள்ளி

உரித்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு டீயோடு போனபோது முதுகு வெடித்திருந்தது. கால்களை ஒவ்வொன்றாக, கையுறையிலிருந்து விரலை எடுப்பது போல இழுத்தது. முன்னங்கால் இரண்டாவது ஜோடியில் ஒன்று மாட்டிக்கொண்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவக் கூடாது, தொட்டால் போச்சு. இருபது நிமிடம். வந்துவிட்டது. பழைய தோல் காலியாக நூலில் ஆடிக்கொண்டிருக்க, பக்கத்தில் அது வெளுத்துப்போய்த் தொங்கியது. டீ ஆறிப் போனது.

“வந்துருச்சா?” என்று முத்துராக்கு அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“வந்துருச்சும்மா.”

“அப்ப கல்யாணத்துக்குப் போகலாம்ல. வேட்டி இருக்கா? இல்ல அதுலயும் பூச்சிய வச்சிருக்கீங்களா?”

இருக்கிறது என்றேன். பெட்டியில் தேடினேன். மடிப்பில் துருக்கறை. போகாமல் இருக்க இது போதாதா? வேட்டி சரியில்லை.

செப்டம்பர் 2, சனி

ஒரு யோசனை. ஆணும் பெண்ணும் ஒரே இனம்தான் என்று உறுதிப்படுத்த, ஜோடி சேர்த்துப் பார்ப்பதே நல்லது. சேர்ந்தால் பெண் சுமார் ஒரு வாரத்தில் முட்டைப் பை கட்டும். குழல் சுரப்பி வேலை செய்வதை நேரில் பார்க்கலாம். அது ஒன்பது, பத்து தேதி வாக்கில் வரும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வருவது வரும்போதுதான் வரும்.

உரித்து ஒரு நாள்தான் ஆகிறது. ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும், அதற்கு முன் ஆணின் மேலோடு இறுகியிருக்காது, நூலைச் சுண்டும் தாளமும் வராது என்று இருபத்தைந்து வருடம் மாணவர்களுக்குச் சொன்னவன் நான். பொறுத்தால் தேதி தள்ளிப்போகும். நாளைக் காலை விடுகிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

விட்டேன். ஒன்பது மணி பத்து நிமிடம். பெண் மூலையில் இருந்தது. ஆண் நூலில் கால் வைத்தது. இரண்டு தடவை சுண்டியது, மூன்றாவது தடவை கால் தடுமாறியது. பெண் முன்னங்கால்களை விரித்து, அந்த முள் சீப்பால் அணைத்து, கால் மூட்டுக்கு மேல் கடித்தது. ஆண் உடனே நின்றுவிட்டது. மொத்தம் நான்கு விநாடி.

சாயங்காலம் பெண் விட்டுச் சென்றதை இடுக்கியால் எடுத்தேன். முன்னுடல் பாதி, கால்கள். இடது பால்ப் நசுங்கிவிட்டது. வலது பால்ப் முழுசாக இருக்கிறது. வகைப்பாட்டுக்கு ஒரு பால்ப் போதும்.

செப்டம்பர் 4, திங்கள்

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியத்தைக் காலையில் படித்தேன். மூன்று வாரம் தினமும் அதனோடு பேசியிருக்கிறேன். ஒரு பால்ப் போதும் என்று எழுதியிருக்கிறேன். பேனா கூடச் சறுக்கவில்லை.

இன்னொன்றையும் சரியாக எழுதிவிடுகிறேன். சடங்கன்று மேகமலைச் சாலை கெட்டுப் போகவில்லை. சாலை நன்றாகத்தான் இருந்தது. ஒரு சிலந்தி தோல் உரிக்க இருந்தது. இரண்டு நாள் காத்திருந்தேன். உரித்த பிறகு அதைப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சடங்கு வீட்டுக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாரு அதே பட்டுப் பாவாடையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு நாளாக அதைக் கழற்ற மாட்டேன் என்றாளாம். “சாலை சரியில்லம்மா” என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். விசாலாட்சியும் பார்த்தாள்.

விசாலாட்சியின் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகப் பயமில்லை. பாயில் அந்த ஐந்து நிமிடம்தான் பயம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சாருவே எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டாள். கணக்கர் வந்து என்னைக் கூட்டிப்போனார். அவர் மேஜையருகே நின்று, அவர் காதில் விழும்படி பேச வேண்டியிருந்தது.

“அப்பா, நீங்க வரலேன்னா தனசேகர் மாமாவும் அத்தையும் உட்காரட்டும்னு அம்மா சொல்றாங்க. மாமாகிட்ட நான் இன்னும் சொல்லல. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சொல்ல மாட்டேன்.”

“சாரு, அந்த ஆண் செத்துப்போச்சும்மா. நான்தான் அவசரப்பட்டு...”

“ஐயோ.” அடுத்து, “நீங்க சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். கணக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 6, புதன்

வலது பால்ப்பைக் கிராம்பு எண்ணெயில் ஊறவைத்தேன். உள்ளே இருக்கும் மடிப்புகள் அதில் தெளிவாகத் தெரியும். வீடெல்லாம் கிராம்பு. முத்துராக்கு அம்மா எனக்குப் பல்வலி என்று நினைத்துக் கஞ்சி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 7, வியாழன்

புதிய இனம் இல்லை.

பழைய கட்டுரைகள் அத்தனையையும் மேஜையில் விரித்து, கொக்கி கொக்கியாக ஒப்பிட்டேன். நடு மடிப்பின் வளைவு, நுனி முள், அடித்தட்டின் பள்ளம். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது இதற்குப் பெயர் வைத்து. இந்த மலையில் முதல்முறை கிடைத்தது என்று வேண்டுமானால் அரைப் பக்கம் எழுதலாம். சாருலதா என்ற பெயருக்கு இடமில்லை. அம்மாவுக்கு வைத்தது செல்லவில்லை, மகளுக்கு வைக்கவே முடியவில்லை.

முத்துராக்கு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

“பரிசு இல்லாமப் போச்சும்மா. வெறுங்கையோட எப்படிப் போறது?”

“தாரை வாக்கத்தான கூப்பிட்டுச்சு பொண்ணு? அதுக்குக் கைதான் வேணும்.” சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “வேட்டியக் குடுங்க. எலுமிச்சம்பழம் போட்டு அலசித் தாரேன், கறை போயிரும்.”

கொடுத்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

வேட்டி கொடியில் காய்கிறது. கறை முழுசாகப் போகவில்லை. உள்மடிப்பில் வைத்துக் கட்டினால் தெரியாது. மீதி இரண்டு பெண்களுக்கும் நான்கு நாளைக்கு இரை போட்டாகிவிட்டது. இனி இந்த வீட்டில் எனக்காகக் காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை. இப்படி ஒரு நாள் எனக்கு இதற்கு முன் இருந்ததா என்று யோசித்தேன்.

செப்டம்பர் 9, சனி

ஆறு மணி பஸ். வத்தலக்குண்டில் இறங்கி முகச்சவரம் செய்துகொண்டேன். அங்கே நல்ல சிக்னல். “மாமாகிட்ட சொல்ல வேண்டாம்மா” என்றேன். அவள் போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள். யாரோ ஒரு பெண் “பொண்ணு அழுவுதுங்க, நீங்க வாங்க” என்று வைத்துவிட்டார்.

திண்டுக்கல்லில் மண்டபத்துக்கு எதிரே லாட்ஜில் அறை. மண்டப வாசலில் வாழை கட்டுகிறார்கள். இன்று உள்ளே போகவில்லை. நாளைக்குத்தானே.

செப்டம்பர் 10, ஞாயிறு

லாட்ஜ் அறையில் எழுதுகிறேன். மணி பன்னிரண்டு.

ஆறரைக்கே போய்விட்டேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு தனசேகர். பதினான்கு வருடத்தில் நன்றாக நரைத்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தார். “வாங்க மாப்ள” என்றார். நான் இன்னும் அவருக்கு மாப்பிள்ளையா என்று தெரியவில்லை. வேறு சொல் கிடைத்திருக்காது. “டிபன் சாப்பிட்டுருங்க, அப்புறம் முடியாது.”

சாப்பிடவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பின்வரிசையில் இரண்டு பெண்கள் என்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஐயர் கூப்பிட்டார். “பொண்ணோட அப்பா அம்மா வாங்க.”

எழுந்தேன். மேடையின் முதல் படியில் கால் இடறியது. பாயில் விசாலாட்சி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அரக்குப் புடவை, கண்ணாடி போட்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது. உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் என் முழங்கால் இடிக்காதபடி புடவையை இழுத்துக்கொண்டாள்.

சாரு மாப்பிள்ளையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், கண்ணை எடுக்கவே இல்லை. நான் இருக்கிறேனா என்று இன்னும் சந்தேகம் போல. மாப்பிள்ளை நல்ல உயரம். ஐயர் அவன் கையை விரிக்கச் சொன்னார், சாருவின் கையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்தார், அந்தக் கையை அடியில் தாங்கிக்கொள்ளச் சொன்னார் என்னை.

தாங்கினேன். பெரிய கையாகிவிட்டது. கடைசியாக நான் பிடித்தபோது இதில் பாதி இருந்தது. மருதாணி, விரல் நுனியெல்லாம் சில்லென்று இருந்தது. அப்போதுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது. தேங்காய் ஆடியது, வெற்றிலை ஒன்று கீழே விழுந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. செம்பிலிருந்து விழுந்த நீர் பக்கத்தில் சிதறிப் பாயை நனைத்தது.

“ஆடாமப் பிடிங்க” என்றாள் விசாலாட்சி.

பதினான்கு வருடம் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. கூடமாட வேலை செய்கிற ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள். ஊற்றாத இடது கையைக் கொண்டுவந்து என் மணிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். நடுக்கம் நின்றது. நீர் என் விரல் இடுக்கில் புகுந்து, சாருவின் கையில் வழிந்து, அந்தப் பையனின் கைக்குப் போயிற்று. மேளத்தை வேகமாக அடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். விசாலாட்சி, சாரு, மாப்பிள்ளை, மூன்று பேருமே பார்த்தார்கள்.

செம்பு காலியாயிற்று. விசாலாட்சி கையை எடுத்துக்கொண்டாள். ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். பிறகு நிறுத்தி, என் பக்கம் குனிந்தார்.

“முடிஞ்சுது சார். பொண்ணோட கைய விடணும்.”

நான் கேட்டும் கேட்காதவன் போல இருந்தேன். இருபத்தேழு வருடத்தில் இன்றைக்குத்தான் சரியான நேரத்துக்கு வந்து பிடித்திருக்கிறேன், பிடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்பா” என்றாள் சாரு, மெதுவாக.

விட்டேன்.